படகு ஏற்றும் உத்தியோகம்

படகுத் தொழிலில் தண்ணீரில் நடக்கிற வேலை கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் றோட்டில். கயாக் என்பது துடுப்புப் போட்டு ஓட்டும் ஒடுங்கிய பிளாஸ்டிக் படகு. உல்லாசப் பயணிகள் ஓட்டுவதற்காக அவற்றை யாழ்ப்பாணத்துக் கரைகளுக்கு ஏற்றி இறக்குவதுதான் என் வேலை. எங்கள் வீட்டில் முதலாவது பட்டதாரி நான். மூன்று மாதம் பார்ப்பதாகவும், படகு ஒன்றும் பழுதாகாவிட்டால் வேலை நிரந்தரம் என்றும் முதலாளி சலீம் நானா சேர்க்கும்போதே சொல்லிவிட்டார். அம்மாவோ அன்றைக்கே ஊரெல்லாம் "மகனுக்கு வேலை சரி" என்று சொல்லிவிட்டார். தற்காலிக வேலையில் இருக்கிற தோழர்களே, என் நெஞ்சிடி உங்களுக்குத்தான் விளங்கும்.

கூவிய கூரை

முதல் கிழமை, சாரதி ராசன் அண்ணையும் நானும் வான் கூரையில் இரண்டு கயாக்குகளைக் கட்டிக்கொண்டு கரவெட்டிப் பக்கம் போனோம். வேகம் கூடினால் மேலே 'ங்ங்ங்' என்று ஒரு சத்தம். நிறுத்தினால் இல்லை. மூன்று தரம் இறங்கி டயர், கதவு, கண்ணாடி எல்லாம் தடவிப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை.

நாலாம் தரம் நிறுத்தியபோது வெங்காயத் தோட்டத்தில் நின்ற ஒருவர் வந்தார். அவருக்குத் தூரத்திலேயே கேட்டதாம். கயாக்கைக் கட்டியிருந்த தட்டையான பட்டியை விரலால் சுண்டினார். பட்டத்தில் கட்டுகிற 'விண்' என்ற நார்ப்பட்டி காற்றுக்குக் கூவுமே, அதே கூவல். பட்டியை அவிழ்த்து ஒரு முறுக்குப் போட்டுக் கட்டச் சொன்னார். சத்தம் நின்றுவிட்டது. ஏன் நின்றது என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, அவர் சொன்னார்:

"விண்ணை வடிவாய்த்தான் கட்டியிருக்கிறியள் தம்பி. ஒரு வாலும் கட்டியிருந்தால் வான் எழும்பியிருக்கும்!"

ஆறு நோயாளிகள்

வடக்குக் கரையில், 'பட்டா' என்கிற சின்ன லொறியிலிருந்து ஆறு கயாக்குகளை இறக்கி வரிசையாக வைத்தேன். கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த ஒருவர் எழுந்து வந்து ஒவ்வொன்றையும் விரல் முட்டியால் தட்டி, குனிந்து அடியைப் பார்த்தார். ஒன்றும் பழுதில்லை, எல்லாம் நல்ல படகுகள் என்றேன். அவர் நம்பவில்லை.

"சுகமான வள்ளத்தை ஆரும் லொறியிலை ஏத்துவினமே? உண்மையைச் சொல்லு, எங்கை ஓட்டை?"

வெள்ளைத் துணி

லொறிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சுமையின் நுனியில் சிவப்புத் துணி கட்டவேண்டும். கீரிமலைக்குப் புறப்பட்ட அன்று சிவப்புத் துணியைக் காணவில்லை. துணி என்றால் சரிதானே என்று, வெயிலுக்காகக் கயாக்குகளைச் சுற்றியிருந்த வெள்ளைச் சீலையில் ஒரு துண்டு கிழித்துக் கட்டினேன். எங்கள் ஊரில் செத்தவீட்டுக்குத்தான் வெள்ளைக் கொடி கட்டுவார்கள் என்பது அந்த நேரம் எனக்கு மறந்தே போனது.

பின்னால் வந்த ஒரு வாகனமும் முந்தவில்லை. ஒரு கடைக்காரர் கதவை அரைவாசி சாத்தினார். சந்தியில் நிறுத்தியபோது சைக்கிளில் வந்த ஐயா ஒருவர் இறங்கி, மெதுவாக, "தம்பி, ஆர் மோசம் போனது?" என்று கேட்டார். எனக்கு வேர்த்துவிட்டது. ஒன்றும் மறைக்காமல் விளக்கினேன். அவர் சீலையை விலக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"அப்ப ஒருத்தரும் சாகேல்லையோ? நான் வேலையை விட்டிட்டு ரண்டு கட்டை தூரம் பின்னாலை வந்திட்டனே!"

பள்ளம்

மூன்றாம் மாதத்தின் கடைசிக் கிழமை. கயாக்குகள் வழுக்கி விழுந்துவிடுமோ என்ற பயத்தில் கயிற்றில் தொங்கி இறுக்கிக் கட்டினேன். நெல்லியடியில் லொறியை உச்சி வெயிலில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போனோம். திரும்பி வந்து குனிந்து பார்த்தால், சூட்டில் இளகிய மஞ்சள் கயாக்கின் அடியில், கயிறு லொறிச் சட்டத்தோடு சேர்த்து அழுத்திய இடத்தில் உள்ளங்கையளவு பள்ளம்.

சாரதி ராசன் அண்ணை, "அடிப்பக்கம்தானே. கவிழ்க்காமல் வை, ஆர் பாக்கிறது?" என்றார். அது சரிதான், யாரும் பார்க்கமாட்டார்கள். வழி முழுக்க எனக்கு அதே யோசனை. இறங்கியதும் சலீம் நானாவுக்கு முன்னால் கயாக்கைக் கவிழ்த்து, "நான்தான் நானா, கூட இறுக்கிப்போட்டன்" என்றேன்.

அவர் மற்ற ஐந்தையும் ஒவ்வொன்றாகக் கவிழ்த்தார். மூன்றில், அதே இடத்தில், அதே பள்ளம். எல்லாம் பழைய பள்ளங்கள். நானா நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"உனக்கு முன்னம் வேலைக்கு நிண்டவங்கள் ஒருத்தரும் வாய் திறக்கேல்லையடா தம்பி! தண்ணியிலை ஆடாமல் இருக்கத்தான் கொம்பனி உந்தப் பள்ளம் வைச்சதெண்டு நான் வாறாக்களுக்கெல்லாம் விளக்கம் குடுத்துக்கொண்டிருக்கிறன்!"

வேலை நிரந்தரமாகிவிட்டது, இப்போது நான் கட்டிய கயிற்றைச் சலீம் நானா வந்து தளர்த்துகிறார், ராசன் அண்ணை வந்து இறுக்குகிறார், நடுவில் நின்று வேர்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.