இடது இறக்கையின் மூடி

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்ததால் பத்து வயதிலிருந்தே வீட்டுக்கு வரும் படிவங்களையெல்லாம் நான்தான் நிரப்பினேன். அப்பா பக்கத்தில் நின்று சொல்வார்: “கேட்டதுக்கு மட்டும் பதில் எழுது. கேளாததை நீயாச் சொல்லப் போகாதை.” அகதி விண்ணப்பத்தில் தேவையில்லாத ஒரு வரியை எழுதிவிட்டு வருடக்கணக்காக அலைந்தவர் அவர்.

விமானப் பயிற்சிப் பள்ளியின் பாதுகாப்பு அறிக்கையையும் நான் அப்படித்தான் நிரப்பினேன்.

என்னோடு சேர்ந்து பறக்கக் கற்ற நண்பன் ஒருவனின் வீடு, மல்வேர்ன் பகுதியில், எங்கள் வீட்டுக்கு இரண்டு கதவு தள்ளி. நகரத்துக்குக் கிழக்கேயுள்ள சிறிய விமானத் தளத்துக்கு அவனுடைய காரில்தான் போவோம். இருவரும் விமானி உரிமம் எடுத்துவிட்டோம்; இருவருக்கும் பயிற்றுநராக ஆசை. எங்கள் ஆட்களின் சங்கம் ஒன்று அந்தப் பயிற்சிக்கு உதவுவதாக அறிவித்தது. ஒரேயொரு இடம்.

அந்தச் சனிக்கிழமை அவன் முதலில் பறந்துவிட்டு வந்து, எரிபொருள் நிரப்பி, சாவியைத் தந்தான்.

“ரெண்டு மூடியும் இறுக்கிட்டன் மச்சான். ஏணி ஒண்டும் வேண்டாம். வெதர் மாறுது, கெதியாப் போ.”

எரிபொருள் மூடிகள் இறக்கைகளின் மேலே இருப்பவை. ஏணியில் ஏறினால்தான் தெரியும். யார் என்ன சொன்னாலும், பறக்கப்போகிறவன் ஏறித் தன் கையால் தொட்டுப் பார்க்கவேண்டும். முதல் வகுப்பிலேயே சொல்லித்தருவார்கள். நான் ஏறவில்லை. சொன்னவன் அவன் அல்லவா?

மேலே போய்ச் சில நிமிடங்களில் இடப்பக்க எரிபொருள்மானியின் முள் இறங்கத் தொடங்கியது. திரும்பிப் பார்த்தேன். இறக்கைக்குப் பின்னால் மெல்லிய வெள்ளைப் பனிப்புகைபோல எரிபொருள் பறந்துகொண்டிருந்தது. கீழே வீடுகள். தளத்துக்குத் திரும்பி இறங்கினேன்.

மூடி தன் சின்னச் சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது. நண்பன் ஓடிவந்து பார்த்தான்.

“ரிப்போட்டில என்ரை பேரைப் போட்டிடாதையடா. ப்ளீஸ். செலக்‌ஷன் வருது.”

“போடமாட்டன்” என்றேன்.

‘புறப்படுமுன் நான் மூடியைச் சரிபார்க்கவில்லை’ என்று அறிக்கையில் எழுதினேன். அது பொய்யல்ல. கடைசியாக மூடியது யார் என்று படிவத்தில் கேட்கவில்லை. தானாக எழுதிக் கொடுத்தவரைப் பள்ளியில் தண்டிப்பதில்லை; நன்றி சொன்னார்கள்.

சங்கத்தின் நேர்முகம் மில்லிக்கன் பகுதியில் ஒரு பிளாசாக் கடைத்தொகுதியின் மாடியில் நடந்தது. ஏதாவது பிழை விட்டதுண்டா என்று கேட்டார்கள். சொன்னேன். பாதுகாப்பைப் பற்றிப் பேசும் சங்கத்துக்கு அதுதான் வேண்டும் என்று நம்பினேன். ஒரு வாரம் கழித்துச் சங்கத்து அங்கிள் தொலைபேசியில் அழைத்தார்.

“தம்பி, உண்மையைச் சொன்னது நல்ல விசயம். ஆனா பழக வாற பிள்ளையளின்ரை தாய் தேப்பன்மார் பயப்பிடுவினமெல்லோ? இடத்தை உம்மடை சிநேகிதனுக்குத்தான் குடுக்கிறம். அவரும் சொன்னவர், நீர் கொஞ்சம் அவசரக்காரனாம்.”

அந்தச் சொல்லைக் கேட்டபின் அவர் பேசிய எதுவும் எனக்கு ஏறவில்லை.

சங்கம் நடத்திய, இளம் விமானிகளை ஊக்குவிக்கும் விழாவுக்கு அம்மாவோடு போனேன். போகாவிட்டால் பொறாமை என்பார்கள். நண்பன் வெள்ளைச் சட்டையோடு மேடையில் நின்று, பிழையை மறைக்கக்கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொன்னான். முன்வரிசையில் ஒரு சிறுமி கை உயர்த்தினாள்.

“அண்ணா, நீங்க எப்பவாவது மிஸ்டேக் விட்டிருக்கிறீங்களா?”

“டச் வுட், இதுவரைக்கும் இல்லை.”

எல்லோரும் சிரித்துக் கைதட்டினார்கள். அம்மாவும் தட்டினார். “எங்கட வீட்டில சாப்பிட்டு வளந்த பிள்ளை” என்று பக்கத்து அன்ரியிடம் பெருமையாகச் சொன்னார். நான் தட்டினேனா என்று ஞாபகமில்லை.

வாசலில் அவன் கார்ச் சாவியை ஆட்டிக்கொண்டு வந்தான். “வாடா, அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா.”

“நாங்கள் பஸ்ஸில போறம்.”

“என்னடா, பேரைப் போடாதை எண்டுதானே கேட்டன். உன்ரை இடத்தைத் தா எண்டு கேட்டனானே?”

“நான் அவசரக்காரன் எண்டு சொல்லச் சொல்லி நானும் கேக்கேல்லை.”

அம்மாவோடு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தேன்.

பேருந்தில் அந்தச் சிறுமிதான் நினைவில் வந்தாள். நாளை அவள் இவனிடம் விமானம் ஓட்டப் பழகுவாள். ‘இறுக்கிட்டன், ஏணி வேண்டாம்’ என்பான், அவளும் நம்புவாள். அதைத் தடுக்கக்கூடிய ஒரு வரியை நான்தான் எழுதாமல் விட்டிருந்தேன்.

திங்கட்கிழமை பயிற்சிப் பள்ளியில் இன்னொரு அறிக்கைப் படிவம் வாங்கினேன். எனக்கு முன் பறந்தவர் மூடியதாகச் சொன்னார், ஏணி வேண்டாம் என்றார், நான் நம்பினேன் என்று எழுதினேன். கோபமில்லாமல் எழுதினேன் என்று சொல்லமாட்டேன். பறிபோன இடம் இதனால் திரும்பி வராது என்பதும் தெரியும்.

அன்று மாலை அப்பாவிடம் சொன்னேன்.

“உன்னட்டை ஆரும் கேட்டவையே?”

“கேக்கேல்லை அப்பா.”

அவர் எழுந்துபோய்த் திரையை விலக்கினார். ஜன்னலுக்கு வெளியே, இரண்டு கதவு தள்ளி, நண்பனின் கார் நின்றது. இப்போது விமானத் தளத்துக்குப் போக நான் மூன்று பேருந்து மாறுகிறேன்.