கறுப்புக் கோட்டில் வெள்ளை முடி

வக்கீல்களுக்குக் கறுப்புக் கோட்டு தைக்கும் அக்காவும் தம்பியும் ஒரே அறையில்தான் வேலை செய்தார்கள். வெட்டுவது தம்பி, தைப்பது அக்கா. அவளுடைய வெள்ளை நாய் மெஷினுக்கு அடியிலேயே கிடக்கும். பருவம் மாறியதும் அதற்குப் பஞ்சு பஞ்சாக முடி கொட்டத் தொடங்கியது.

ஒரு வக்கீல் கோட்டைத் திருப்பிக் கொண்டுவந்து மேசையில் எறிந்தார். "கோர்ட்டுக்கு நான் போறேனா, உங்க நாய் போகுதா?"

அவர் படியிறங்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்த தம்பி வெடித்தான். "இன்னொரு கோட்டு திரும்பி வரட்டும், இந்த நாயை எங்கயாவது தொலைச்சுட்டுத்தான் மறுவேலை."

"தொலைச்சிருவியா? உன் மூக்கைத் துடைச்சு வளர்த்தவடா நான். முடி கொட்டுறதை நிறுத்திக் காட்டுறேன் பாரு."

எடுத்த காரியத்தை அரைகுறையாக விடும் பழக்கம் அவளுக்குக் கிடையாது. காலர் அழுக்கு எடுக்கும் சவுக்காரத்தைப் போட்டு நாயைத் தினமும் குளிப்பாட்டினாள். கோட்டுத் துணியில் பிசிர் எடுக்கும் கம்பி பிரஷ்ஷால், முடி வருவது நிற்கும்வரை இழுத்தாள். நாய் திமிறினால் முழங்காலால் அமுக்கிக்கொண்டாள். "உன் நல்லதுக்குத்தாண்டி." முடி இன்னும் கொட்டியது. அவள் இன்னும் அழுத்தித் தேய்த்தாள். முதுகெல்லாம் சிவந்து, திட்டுத் திட்டாகப் புண் வந்தது.

"யாரும்மா இதைப் பாத்திரம் தேய்க்கிற மாதிரி தேய்ச்சது?" என்று கேட்டார் கால்நடை டாக்டர்.

"நான்தான். ஒரு நாள்கூட விடல." பெருமையாகத்தான் சொன்னாள்.

"விட்டிருந்தா தேவலை. பருவத்துக்கு முடி கொட்டத்தான் செய்யும், அது நோயில்ல. நாய்க்குன்னு இருக்கிற சீப்பால மெதுவா சீவி விடணும். எப்பவாவது குளிப்பாட்டினா போதும். இப்ப கொட்டுறதுல பாதி உங்க கைவரிசை."

களிம்பும் சீப்புமாக வீட்டுக்கு வந்தாள். டாக்டர் சொன்னதைக் கேட்டதும் தம்பி கடைக்குக் கிளம்பினான். தைத்த கோட்டுகளை மூடி வைக்க உறை வாங்கி வந்து மாட்டினான். "கிடந்துட்டுப் போகுது விடு."

நாய் இனி எங்கும் போகாது. அவளுக்கு உயிர் வந்தது. சீப்பை எடுத்துக்கொண்டு, "வாடி கண்ணு" என்று குனிந்தாள்.

நாய் நின்ற இடத்திலேயே மூத்திரம் விட்டது. பின்வாங்கிப் பின்வாங்கி தம்பியின் காலிடுக்கில் போய் நுழைந்துகொண்டது.

"நான் இதைத் தொட்டதுகூட இல்லியே!" என்று அவன் சிரித்தான். "அதான் வருது போல."

அவள் சீப்பை அவனிடம் நீட்டிவிட்டுக் கதவோரம் நகர்ந்து நின்றாள். அவன் சீவச் சீவ நாய்க்குக் கண் சொருகியது.

"முடி படிஞ்ச பக்கமாவே சீவுடா. புண்ணுல பட்டுறாம…"

"நீ பேசாதக்கா. உன் குரல் கேட்டா நடுங்குது."