பழைய படத்தில் சிரித்தவள்

வேலாயுதம் தச்சுவேலைக்காரர். ஐம்பதுகளில் சிங்கப்பூரில் மலாய்ப் படம் எடுத்துக்கொண்டிருந்த ஒரு கம்பெனியில் வேலை பார்த்தார். அரண்மனை வேண்டுமென்றால் பலகை அடித்து அரண்மனை கட்டுவார். படம் முடிந்ததும் அதே பலகையைப் பிரித்துக் குடிசை கட்டுவார். தேக்கா கடைத்தெருவில் அவரைப் பார்க்கிறவர்கள் "என்ன சினிமாக்காரரே" என்று சீண்டுவார்கள். அவருக்கு அது ஆணியும் சுத்தியலும்தான். சூதுவாது தெரியாத மனிதர் என்று பெயரெடுத்தவர், பெண்டாட்டியிடம் முதலில் மறைத்தது ஒரே ஒரு விஷயம். அந்த ஒன்று போதுமானதாக இருந்தது.

அவருக்கும் சந்திரமதிக்கும் லீலா என்று ஒரே பெண். பழனியில் முடி இறக்குவதாக வேண்டுதல். கப்பலேற லீவு கிடைக்காமல் வருஷம் தள்ளிக்கொண்டே போக, பிள்ளைக்கு நாலு வயதாகும்போது முடி இடுப்பைத் தொட்டது. முடி இறக்குவதற்கு முன்னால் பிள்ளையைப் போட்டோ எடுக்கக்கூடாது, கண்பட்டுவிடும் என்பது சந்திரமதி வீட்டு வழக்கம். பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் எல்லோரையும் நிற்கவைத்துப் படம் எடுத்தபோதுகூட லீலாவை முந்தானைக்குள் இழுத்து மூடிக்கொண்டவள் அவள். வேலாயுதம் மறுபேச்சுப் பேசியதில்லை.

ஐம்பத்தேழில் கம்பெனி ஒரு பேய்ப்படம் எடுத்தது. பிரசவத்தில் செத்துப்போனவள் ரத்தம் குடிக்கத் திரும்பி வருகிற கதை. மலாய்க்காரர்கள் பொந்தியானாக் என்று சொல்லும் அந்தப் பேய், மூங்கில் தோப்பில் ஊஞ்சலாடும் ஒரு குழந்தையை நெருங்கும் காட்சிக்கு நீளமுடி வைத்த பிள்ளை வேண்டும் என்று டைரக்டர் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். வேலாயுதம் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். கடல் காட்டப் போகிறேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு லீலாவைப் பொங்கோல் கடற்கரைப் பக்கம் படப்பிடிப்புக்குக் கூட்டிப்போனார்.

ராத்திரிக் காட்சியைப் பட்டப்பகலில்தான் எடுத்தார்கள். லென்சுக்கு முன்னால் ஒரு கண்ணாடியைப் போட்டால் வெயில் நிலவாகிவிடும் என்றார்கள். பேயாக நடித்த பெண் கோரைப்பல்லைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு மதியம் பீஹூன் சேமியா சாப்பிட்டபோது, லீலா அவள் தட்டிலிருந்தே இரண்டு வாய் வாங்கித் தின்றிருந்தாள். அதனால் காமிரா ஓடும்போது பேய் பின்னாலிருந்து வந்து நிற்க, பிள்ளை திரும்பிப் பார்த்துக் கலகலவென்று சிரித்துவிட்டாள். அழவேண்டிய இடம். டைரக்டர் ஒரு நிமிஷம் யோசித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்துப் பேய் வெட்கிப் பின்வாங்குவதாகக் கதையையே மாற்றிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்த லீலா, "பேய் அக்கா பீஹூன் குடுத்துச்சு" என்றாள். பிள்ளை உளறுகிறது என்று சந்திரமதி சிரித்தாள். வேலாயுதம் போன உயிர் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

மறுவருஷம் லீலாவுக்குக் காய்ச்சல் வந்தது. நாலாம் நாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டாள். இறக்காத முடியோடு பிடாடரி இடுகாட்டில் புதைத்தார்கள். அதற்குப்பின் வேலாயுதம் எந்த வாயால் பெண்டாட்டியிடம் சொல்வார்? வேண்டுதல் இருக்கும்போதே காமிரா முன்னால் நிறுத்தினேன் என்று சொன்னால், நீங்கள்தானே கொன்றீர்கள் என்று அவள் கேட்பாள். அவருக்கே அந்தச் சந்தேகம் இருந்தது. சொல்லவில்லை. படம் எங்கே ஓடினாலும் தனியாகப் போய்ப் பார்த்தார். பதினோரு தடவை. இடைவேளை முடிந்து கால்மணி நேரம் கழித்து மகள் வருவாள், திரும்புவாள், சிரிப்பாள். அவர் எழுந்து வெளியே வந்துவிடுவார்.

கம்பெனி ஆட்குறைப்புச் செய்ததும் செம்பவாங் கப்பல் பட்டறையில் சேர்ந்தார். அங்கேயே குடியிருப்பும் கிடைத்தது. அறுபதுக்குப் பிறகு படம் எங்கும் ஓடுவதாகத் தெரியவில்லை.

அறுபத்து மூன்றில் ஒரு நாள், அரிசி களைந்துகொண்டிருந்த சந்திரமதி கையை நிறுத்திவிட்டு, "என்னாங்க, பிள்ளை முகம் எனக்கு வரமாட்டேங்குது" என்றாள். "முடி வருது, குரல் வருது. முகத்த நெனச்சா மூடுன மாதிரி இருக்கு. ஒரு போட்டோ எடுத்து வெச்சிருக்கலாம். நான்தானே வேணாமுன்னேன்." அவள் அழவில்லை. அழுதிருந்தால் வேலாயுதம் தாங்கியிருப்பார்.

அந்த வாரமே சிராங்கூன் ரோட்டில் காய்கறி வாங்கப் போனவர் சுவரில் அந்தப் போஸ்டரைப் பார்த்தார். அதே பெயர், அதே மூங்கில் தோப்பு, அதே வெள்ளைத்துணிப் பேய். பழைய படத்தைத் திரும்பப் போடுவது அந்தக் காலத்தில் சகஜம். கறுப்பு வெள்ளைப் படத்துக்கும் போஸ்டர் வண்ணத்தில்தான் வரையப்படும். அவருக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. பையை மார்போடு அணைத்துக்கொண்டு பஸ்ஸில் வீடு வந்து, கதவைச் சாத்திவிட்டு, ஆறு வருஷமாக நெஞ்சில் வைத்திருந்ததை ஒரே மூச்சில் கொட்டிவிட்டார்.

சந்திரமதி அவர் கையிலிருந்த பையை வாங்கிக் கீழே வைத்தாள். பிறகு, "அதுல அவ அசையுவாளா?" என்று கேட்டாள்.

"சிரிப்பா" என்றார் வேலாயுதம்.

ஞாயிறு மதியக் காட்சிக்குப் போனார்கள். அவள் பட்டுப்புடவை கட்டிக்கொண்டாள். பேய்ப்படத்துக்கா பட்டுப்புடவை என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை. விளக்கு அணைந்தது, திரை எரிந்தது. எழுத்துகள் ரத்தச் சிவப்பில் வந்தன. வேலாயுதம் நிமிர்ந்து உட்கார்ந்தார். கலர்.

பேயாக வந்தவள் வேறு நடிகை. வீடு வேறு. அவர் ஆணியடித்த கிணற்றங்கரை இல்லை. பழைய பேய் நிழலாக வந்து போகும், பல்லைக் காட்டுவதே மூன்று தடவைதான். இந்தப் பேய் வந்ததிலிருந்து பல்லைக் காட்டிக்கொண்டே இருந்தது. வாயெல்லாம் ரோஸ் சிரப் போல் ஒழுகியது. பழையதில் தவளைச் சத்தம் மட்டும் கேட்ட இடங்களில் இதில் காது கிழியும்படி வாத்தியம் அடித்தார்கள். அதே கதையைப் புதிதாக எடுத்திருக்கிறார்கள் என்று பத்தே நிமிஷத்தில் அவருக்குப் புரிந்துவிட்டது.

"எப்பங்க வருவா?" என்று அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "இன்னும் இல்ல" என்றார். அவள் மறுபடி கேட்டாள். மறுபடி அதையே சொன்னார். இடைவேளையில் விளக்குப் போட்டதும் சொல்லி வெளியே கூட்டிப் போய்விடலாம். காட்சி எப்படியும் அதற்கு அப்புறம்தான் என்று கணக்குப் போட்டார். பாவி மனிதர், பதினோரு தடவை பார்த்த தைரியம்.

புதிய படத்தில் அந்தக் காட்சியை இடைவேளைக்கு முன்னாலேயே வைத்திருந்தார்கள். ஊஞ்சல் வந்தது. முதுகு நிறைய முடியோடு சிவப்பு உடுப்பில் ஒரு பிள்ளை. பேய் பின்னால் வந்து நின்றது. பிள்ளை திரும்பியது. யாரோ பெற்ற பிள்ளை. நெற்றி வேறு, மூக்கு வேறு. அது வீறிட்டு அழுதது.

"லீலா!" என்று சந்திரமதி எழுந்து நின்றுவிட்டாள். "என் கண்ணு! என் தங்கம்!" பின்வரிசைக்காரர்கள் உட்காரச் சொல்லி மலாயில் கத்தினார்கள். வேலாயுதம் அவள் தோளைப் பிடித்து உட்காரவைத்தார். "சந்திரா, இது..." என்று தொடங்கினார். திரை வெளிச்சத்தில் அவள் முகம் தெரிந்தது. ஐந்து வருஷமாகப் பார்க்காத முகம். மிச்சத்தை அவரால் சொல்ல முடியவில்லை.

வெளியே வந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "அது ஏது அந்தச் செவப்புக் கவுனு?"

"கம்பெனிக் கவுனு" என்றார்.

"சிரிப்பான்னு சொன்னீங்க. அந்த அலறு அலறுறாளே! பயத்துலதானே பிள்ளைக்குக் காய்ச்சல் வந்துச்சு. பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க? பெத்தவரா நீங்க?"

லீலா சிரித்தாள், சந்திரா. பேயைப் பார்த்தே சிரித்தாள். இதைச் சொல்ல அவருக்கு இரண்டு நொடி போதும். சொன்னால் பழி தீரும். கையோடு, இப்போதுதான் கிடைத்த பிள்ளை மறுபடி அவளுக்குச் செத்துப்போகும். பஸ் வரும்வரை தலைகுனிந்து நின்றார். ஒரு மாதம் அவள் சோறு போட்டாள், முகம் கொடுத்துப் பேசவில்லை.

பழைய படத்தை ஒரே ஒரு தடவை போட்டுக்காட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவருக்கு ஒரு நப்பாசை. லீவு போட்டுவிட்டுப் பழைய கம்பெனிக்குப் போனார். படச்சுருள் கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் அஹமது கபீர் அந்தக் காலத்து சினேகிதர், லீலாவைத் தோளில் தூக்கியவர். விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"இல்லண்ணே. கதைய வாங்கிப் புதுசா எடுத்தவங்க பழைய காப்பி ஒண்ணுகூட இருக்கக்கூடாதுன்னு எழுதி வாங்கிட்டாங்க. ரெண்டும் ஓடுனா புதுசு படுத்துருமாம்ல. இந்தக் கையாலதான் சுருள் மேல கோடாலி போட்டேன். நெகட்டிவையும் சேத்து. நம்ம பிள்ளை அதுல இருக்கறது நெனப்புலயே இல்லண்ணே."

கபீரைத் திட்ட வேலாயுதத்துக்கு மனம் வரவில்லை. சொன்ன வேலையைச் செய்தவன் அவன். 

"பாய், புதுப்படத்துல ஊஞ்சல் பிள்ளை ஸ்டில் ஏதும் இருக்கா?"

"இருக்கு, புதுப்படப் பெட்டியும் இங்கதான் வருது. ஆனா அது நம்ம பிள்ளை இல்லையேண்ணே."

"தெரியும். அவ கேக்குறா."

கபீர் எடுத்துக் கொடுத்தார். கொடுக்கும்போதே, அது ஜூரோங் பக்கத்து மலாய்க்காரப் பிள்ளை, இந்த வருஷந்தான் பள்ளிக்கூடம் சேர்த்திருக்கிறார்கள், நல்ல சுட்டி என்று சொன்னார். வேலாயுதம் அதைக் கேட்காமலே இருந்திருக்கலாம்.

சந்திரமதி படத்துக்குச் சட்டம் போடச் சொன்னாள். தேக்குச் சட்டம், அவரே இழைத்தார். சாமி மாடத்தில் வைத்துக் கண்ணாடிமேல் பொட்டு வைத்தாள். பிறகு மல்லிகைச் சரத்தை எடுத்து மாலையாகப் போட்டாள். உயிரோடு இருக்கிற பிள்ளையின் படத்துக்கு மாலை! வேலாயுதம் சரத்தை எடுக்கக் கை நீட்டினார். "மாலை வேணாமே" என்றார். "ஏன், இன்னுமா உங்களுக்கு மனசு வரல?" என்று அவள் திருப்பிக் கேட்டாள். வேலாயுதம் கையை இழுத்துக்கொண்டார். 

வெள்ளிக்கிழமைதோறும் விளக்கேற்றி இருவரும் கும்பிடுவார்கள். பேர் தெரியாத அந்தப் பிள்ளை நூறு வருஷம் இருக்கவேண்டும் என்றுதான் வேலாயுதம் முதலில் வேண்டிக்கொள்வார். பிறகு லீலாவை நினைப்பார். மூங்கில் தோப்பு வரும், கறுப்பு வெள்ளையில் ஊஞ்சல் வரும், பிள்ளை திரும்பும். முதல் வருஷம் அவள் சிரித்தாள். அடுத்த வருஷம் சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை, அவர் கண்ணை மூடியபோது சிவப்புக் கவுன் போட்டுக்கொண்டு வேறொரு முகம் திரும்பியது. கண்ணை இறுக்கி மூடிப் பார்த்தார். அதுவேதான் வந்தது.

பக்கத்தில் சந்திரமதி முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கோபமெல்லாம் எப்போதோ தணிந்திருந்தது.

"நல்லவேளை காட்டுனீங்க" என்றாள். "இல்லாட்டி பெத்த பிள்ளை முகத்தையே மறந்திருப்பேன்."

"ஆமாம்" என்றார் வேலாயுதம்.