'கள்' விகுதி

புலம்பெயர்ந்த தமிழர்கள் வாழும் டூட்டிங்கில் ஒரு யாழ்ப்பாணச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருக்கிறேன். நாளை இங்குள்ள தமிழ்ப் பள்ளியில் அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றிப் பேச வேண்டும். மேசையில் என் குறிப்பு: "போரின் காரணங்கள்: மாநில உரிமை, பருத்தி, அடிமை முறை."

பிளேன் டீ கொண்டுவரும் கடைக்காரப் பெண்மணி குனிந்து வாசிக்கிறார்.

"மாநிலங்கள் என்ன செய்யிறதுக்கு உரிமை கேட்டவை, அண்ணை?"

"அடிமைகளை வச்சுக்கறதுக்கு."

"பருத்தி ஆர் பிடுங்கினது?"

"அடிமைகள்தான்."

"அப்ப எல்லாம் ஒண்டுதானே. 'கள்' என்னத்துக்கு?"

இருபது வருடமாக நான் வகுப்பில் கரும்பலகையில் எழுதும் தலைப்பு. ஒருவரும் இப்படிக் கேட்டதில்லை. பேனாவை எடுத்து 'காரணங்கள்' என்பதைக் 'காரணம்' என்று திருத்தி, 'அடிமை முறை' தவிர மற்ற இரண்டையும் அடித்துவிடுகிறேன். மனம் நிறைந்து நன்றி சொல்கிறேன்.

தேநீருக்கென்று நினைத்துவிட்டார். "இன்னும் கொஞ்சம் சீனி போடவோ, அண்ணை?"