பிடியை விடாத பிரேக் மோட்டார்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து டீ குடிக்கப் போகிற ஆள் நான். வயர்மேன், மீட்டர் காட்டுவதைத்தான் நம்புவேன். அதனால் இதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது, நீங்கள் நம்பாவிட்டாலும் பரவாயில்லை.

பாயான் பாருவில் எங்கள் பிளாஸ்டிக் தொழிற்சாலைக்கு அமெரிக்காவிலிருந்து பழைய ஹோய்ஸ்ட் ஒன்று வந்தது, பாரம் தூக்க. அதன் பிரேக் மோட்டார் அறுபது ஹெர்ட்ஸ் கரண்டுக்குச் செய்தது, நம் ஊரில் ஐம்பது, வோல்டேஜும் வேறு. எஞ்சினியர் குமரன் சார், ஹெர்ட்ஸை மாற்றிக் கொடுக்கும் இன்வெர்ட்டர் வைத்து மோட்டாரைச் சரிக்கட்டினார், பிரேக்குக்குத் தனி லைன் இழுத்தார். கரண்டு வந்தால் பிரேக் பிடியை விடும், போனால் கவ்விக்கொள்ளும். சுத்தமான வேலை. ஆனால் அவ்வளவு படித்த மனிதர், பட்டனை அழுத்துமுன் மெதுவாக “சரி, போ” என்பார். நான் கேன்டீனில் அதை நடித்துக் காட்டுவேன், எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஒருமுறை அவரே என் பின்னால் நின்றிருக்கிறார். தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் ஜொகூருக்கு மாறிப்போன கொஞ்ச நாளில், பட்டப்பகலில், பிளாஸ்டிக் வார்க்கும் பெரிய இரும்பு மோல்டு பாதி உயரத்தில் தொங்க, பிரேக் விடவில்லை. மீட்டர் வைத்தேன், வோல்டேஜ் சரி. பிரேக்கின் கம்பிச்சுருளும் நன்றாகத்தான் இருந்தது. பட்டனை அழுத்தினால் மோட்டார் உறுமி நின்றுவிடும்.

“ஒன்னால முடியலன்னா சொல்லிரு லா தம்பி, வேற ஆள வச்சுக்கறேன்” என்றார் சூப்பர்வைசர் ரவி அண்ணன்.

வேலை போய்விடும் என்ற பயத்தில், யாருக்கும் கேட்காதபடி “சரி, போ” என்றேன்.

டக்கென்று பிரேக் விட்டது, மோல்டு அலுங்காமல் இறங்கியது. எல்லாரும் முதுகில் தட்டினார்கள். வயர் லூஸ் என்று புளுகினேன், யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை.

சாயங்காலம் குமரன் சாருக்குப் போன் போட்டேன்.

“கேன்டீன்ல பண்ணதுக்கு மன்னிச்சிருங்க சார்.”

“அத விடு லா தம்பி.”

“மோட்டாருக்கு ஏன் சார் ஆர்டர் போடுவீங்க?”

“ஆர்டரா? அதுதானே ‘போகட்டுமா’ன்னு கேக்குது. நான் பதில் சொல்வேன், அவ்வளவுதான். ஏன், ஒனக்குக் கேக்கலியா?”

“கேக்குது சார்” என்று பொய் சொன்னேன்.

இன்றைக்கும் காதைத் தீட்டிக்கொண்டுதான் பட்டன் பக்கம் நிற்கிறேன். எதுவும் கேட்டதில்லை. “சரி, போ” என்கிறேன், போகிறது. கீழே ஆட்கள் நின்று வேலை செய்கிறார்கள். அது வேறு எதையாவது கேட்டாலும் என் காதில் விழாது, நான் சரி என்றுதான் சொல்லப்போகிறேன்.