மாப்பிள்ளைக்கு வாங்கிய ஒயின்

டயர் தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று நண்பர்கள் கொடுத்த விருந்தில், மேஜைக்கு பீர் பாட்டில் வந்ததும் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனவர் வேலாயுதம். அப்படிப்பட்டவர் ஒரு ஜனவரி மாதக் காலையில், மைசூர் விஜயநகரில் தன் வீட்டுக்குச் சில தெருக்கள் தள்ளியிருந்த பெரிய மதுக்கடையின் முன்னால் ஸ்கூட்டரை நிறுத்தினார். இரண்டு பக்கமும் பார்த்தார். தலையில் மாட்டியிருந்த ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே விறுவிறுவென்று உள்ளே நுழைந்தார்.

"சார், ஹெல்மெட் தெகீரி! இப்படி வந்தா திருட வந்தவர்னு நெனச்சு ஓனர் என்னைத்தான் வைவார்" என்றான் கன்னடம் கலந்த தமிழில், கல்லாவுக்குப் பக்கத்தில் நின்ற விற்பனையாளன் தருண்குமார்.

வேலாயுதம் ஹெல்மெட்டைக் கழற்றினார். வியர்த்திருந்தது. "பிரான்ஸ் நாட்டுச் சரக்கு இருக்குதுங்களா தம்பி?" என்று கேட்டவரின் குரல், ஆஸ்பத்திரியில் நோயின் பெயரைக் கேட்கிறவரின் குரலைப்போல அமுங்கிக் கிடந்தது.

அவர் ஏன் அங்கே வந்தார் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

வேலாயுதத்துக்கு ஒரே மகள், பூங்குழலி. பிரான்சில் லியோன் என்ற ஊரில் ஆய்வுக்கூட வேலை. கூட வேலை பார்க்கும் எத்தியேன் என்பவனைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டாள். இரண்டு குடும்பமும் வீடியோவில் பார்த்துக்கொள்ள ஒரு நாள் குறித்தார்கள். அந்தப் பக்கம் மதியச் சாப்பாட்டு நேரம். எத்தியேனின் அப்பாவும் அம்மாவும் முகம் மலர, சிவப்பு ஒயின் ஊற்றிய கோப்பைகளை உயர்த்தி வணக்கம் சொன்னார்கள். அவர்கள் ஊரில் அது மரியாதை. வேலாயுதத்துக்கோ உச்சந்தலையில் ரத்தம் ஏறிவிட்டது.

"பட்டப்பகல்ல குடிக்கற வீட்டுக்கு என்ற பொண்ணக் குடுக்க மாட்டேன். அவன் என்ற வாசப்படி மிதிக்கக் கூடாது!"

சொன்ன சொல் சொன்னதுதான். பூங்குழலி அங்கேயே பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். அடுத்த வருஷம் அம்மா சுலோசனா மாரடைப்பில் போனபோது தனியாக வந்தாள், அழுதாள், காரியம் முடிந்த கையோடு ஒரு தோழி வீட்டில் போய்த் தங்கி விமானம் ஏறிவிட்டாள். பிறந்து வளர்ந்த வீட்டில் ஒரு இரவுகூடப் படுக்கவில்லை. அந்த இரவு சுலோசனாவின் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து வேலாயுதம் அழுத அழுகையைக் கேட்க அந்த வீட்டில் யாரும் இல்லை.

அதற்குப் பிறகு அவருக்கு ஞாயிற்றுக்கிழமைதான் கிழமை. அன்றுதான் மகளின் போன் வரும். "சாப்டீங்களாப்பா?" "சாப்ட்டேன் கண்ணு." "பிரஷர் மாத்திரை?" "ஆச்சு." அவ்வளவுதான் பேச்சு. மற்ற நாட்களில் குக்கர் விசிலோடும் டிவி செய்தியோடும் அவர் பேசிக்கொண்டிருந்தார்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் சொன்னாள்: "பொங்கலுக்கு நானும் அவரும் மைசூர் வர்றோம்ப்பா. ஹோட்டல் போட்டாச்சு. ஒரு நாள் மத்தியானம் மட்டும் வீட்டுக்கு வந்துட்டுப் போறோம். உங்களுக்கும் சங்கடம் வேண்டாம், அவருக்கும் வேண்டாம்."

'ஹோட்டல் எதுக்கு கண்ணு, இங்கேயே தங்குங்க' என்ற வார்த்தை அவருடைய தொண்டைவரை வந்தது. மிதிக்கக் கூடாது என்று சொன்ன அதே வாய்க்கு அதைச் சொல்லத் தெம்பில்லை. இரவெல்லாம் புரண்டு படுத்தவருக்கு விடியும்போது ஒரு யோசனை வந்தது. மாப்பிள்ளை சாப்பிட உட்காரும்போது அவர் நாட்டு ஒயின் மேஜையில் இருக்கட்டும். நான் சொல்ல முடியாததை அது சொல்லும். மகள் புரிந்துகொள்வாள், தங்குவாள்.

அதனால்தான் இந்தக் கடை, இந்த வியர்வை.

"யாருக்கு சார்?" என்று கேட்டான் தருண்குமார்.

"என்ற மாப்பிள்ளைக்கு. அவரு பிரெஞ்சுக்காரரு. என்ற பொண்ணும் அவரும் அங்க லியோன்ல இருக்கறாங்க."

"அப்போ அவருக்கு எல்லாம் தெரியும், கவலை இல்ல. நீங்க குடிப்பீங்களா?"

"சீச்சீ!" என்றார் வேலாயுதம். பிறகு, தனக்கே கேட்காத குரலில், "ஒரு வாய் குடிச்சாத்தான் மாப்பிள்ளை மனசு ஆறும்னா... குடிப்பேன்" என்றார்.

தருண்குமார் சிரிக்கவில்லை. மேல்தட்டில் கோட்டைப் படம் போட்ட ஒரு பாட்டிலை வேலாயுதம் வெறித்துப் பார்ப்பதைக் கவனித்தான்.

"அது பேடா சார், வேண்டாம். போர்தோ. வெல ஜாஸ்தி. இப்பத் திறந்தா கொட்டப்பாக்கு மென்ன மாதிரி நாக்கெல்லாம் துவர்க்கும். அது பத்து வருஷம் படுத்துக் கெடக்கணும், அப்புறம்தான் ருசி. புதுசாக் குடிக்கறவங்களுக்குத் துவர்ப்பு கம்மியா இருக்கறதுதான் ஆகும். சமையல் என்ன சார்?"

"ஆட்டுக்கறி. மிளகு தூக்கலாப் போட்டு வறுப்பேன். சுலோசனா கைப்பக்குவம், பார்த்துப் பழகினது."

"பூஜொலேன்னு ஒண்ணு இருக்கு, ரொம்ப லேசு. கறிக்கு முன்னால அது நிக்காது." அவன் கீழ்த்தட்டிலிருந்து வேறொன்றை எடுத்தான். "இத எடுத்துக்குங்க. கோத் து ரோன். மெதுவா இருக்கும், பழ வாசன வரும், மிளகுக்கு ஒத்துப் போகும். உங்க மக இருக்கற ஊருக்குத் தெக்குப் பக்கத்து ஒயின்தான். வெலையும் கைக்கு அடக்கம். மூடியத் திருகினாப் போதும், கார்க் புடுங்கற வேல இல்ல."

"திருகு மூடின்னா மட்டமான சரக்குன்னு நெனச்சுக்குவாரோ?"

"நெனைக்க மாட்டார் சார். அரை மணி நேரம் பிரிட்ஜ்ல வச்சு எடுங்க. ஐஸ் போட்டுடாதீங்க, மாப்பிள்ளை அடுத்த பிளைட்ல ஓடிப் போயிடுவார்! ஒண்ணு மட்டும் ஞாபகம் இருக்கட்டும். இது உடனே குடிக்கறதுக்குன்னே செஞ்ச ஒயின். சேத்து வைக்கறதுக்கு இல்ல. வெயில் படவே கூடாது."

வேலாயுதம் தலையாட்டினார். ஆனால் அவர் மனதில் தங்கியது அந்தக் கோட்டைப் படம் போட்ட பாட்டிலைப் பற்றிச் சொன்னது மட்டும்தான். படுத்துக் கிடந்தால் ருசி கூடும்!

பாட்டிலைத் துணிப்பையில் சுற்றிக்கொண்டு வீட்டு வாசலில் இறங்கும்போது, எதிர்வீட்டு கௌரம்மா கோலமாவு டப்பாவோடு நிமிர்ந்தாள்.

"ஏனண்ணா, பையில என்ன, குழந்தையத் தூக்கற மாதிரி தூக்கிட்டுப் போறீங்க?"

"கஷாயம்மா. மூட்டு வலிக்கு."

"அய்யோ, இவ்ளோ பெரிய பாட்டிலா! மூட்டு உங்களுக்கா, ஆனைக்கா?"

உள்ளே ஓடிப்போய்க் கதவைச் சாத்தினார். எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கூடத்தில் வைத்தால் சுலோசனா படத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருப்பாள். சமையலறைக்குப் பக்கத்திலேயே சாமி அலமாரி. பிரிட்ஜுக்குள் அபிஷேகப் பால் வைக்கிற வழக்கம். படுக்கையறை மகளுக்காக ஒழித்து வைத்தது. சாமிக்கும் மனைவிக்கும் மரியாதை கெடாத ஒரே இடம் மொட்டைமாடித் தகரக் கொட்டகைதான். பழைய பாய்க்குள் சுருட்டி, கூரையை ஒட்டிய பரணில் படுக்க வைத்தார்.

சங்கராந்திக்கு கௌரம்மா எள்ளும் வெல்லமும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "மக வந்தாச்சா?" என்று கேட்டாள். வரவில்லை. ஆய்வுக்கூடத்தில் ஏதோ அவசரம் என்று யுகாதிக்குத் தள்ளிப்போட்டிருந்தாள். யுகாதிக்கும் வரவில்லை. எத்தியேனின் அம்மாவுக்கு அறுவை சிகிச்சை. "ஜூன்ல நிச்சயம்ப்பா."

"ஆகட்டும் கண்ணு, மெதுவா வாங்க" என்பார் வேலாயுதம். போனை வைத்துவிட்டு ஒழித்து வைத்த அறைக்குப் போய் மெத்தை விரிப்பை மறுபடி உதறிப் போடுவார். யாரும் படுக்காத படுக்கையில் அப்படி என்ன தூசி சேர்ந்துவிடும்? ஆனாலும் உதறுவார்.

சித்திரை வெயில் தகரத்தில் அடுப்பாய் எரிந்தது. துணி காயப்போட மாடிக்குப் போகும்போதெல்லாம் பாயின்மேல் கை வைத்துப் பார்ப்பார். சுடும். 'இன்னும் நல்லாப் பழுக்கட்டும்' என்று நினைத்துக்கொள்வார். பல நாட்கள் அங்கேயே உட்கார்ந்து அந்தப் பாயோடு பேசவும் செய்தார். "இன்னுங் கொஞ்ச நாளுதான். ஜூன்ல வந்துருவாங்க."

வந்தார்கள். தெருமுனையில் டாக்சியைப் பார்த்ததுமே வேலாயுதம் படியிறங்கிப் போனார். பூங்குழலி மெலிந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் நெடுநெடுவென்று வந்த எத்தியேன், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, மனப்பாடம் செய்த தமிழில் "வணக்கம் மாமா" என்றான். வாசற்படியில் கால் வைக்காமல் தயங்கி நின்றான். மூன்று வருஷத்துக்கு முந்தைய அந்த வார்த்தை யார் சொல்லியோ அவனுக்கும் தெரிந்திருந்தது!

"உள்ள வாங்க மாப்ள, வாங்க!" கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

டாக்சி வாசலிலேயே நின்றது. பெட்டிகள் அதில்தான் இருந்தன.

கறி வறுவலைப் பரிமாறிவிட்டு, பிரிட்ஜில் அரை மணி நேரம் வைத்திருந்த பாட்டிலை வேலாயுதம் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். பூங்குழலியின் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

"அப்பா... இது என்னது?"

"மாப்பிள்ளைக்கு."

எத்தியேன் லேபிளைப் பார்த்து முகம் மலர்ந்தான். மூடியைத் திருகி, மூன்று கோப்பைகளில் கொஞ்சம் கொஞ்சம் ஊற்றினான். ஒரு வாய் குடித்தான். கண் ஒரு கணம் சுருங்கியது. உடனே சிரித்து, "ரொம்ப நல்லா இருக்கு" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, கோப்பையை ஒரே மடக்கில் காலி செய்தான்.

பூங்குழலி ருசி பார்த்தாள். காய்ச்சிக் கருகிய பழச்சாறும் புளித்த காடியும் கலந்ததுபோல இருந்தது.

"எத்தியேன், இனிக் குடிக்காதீங்க!" என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டு அப்பாவிடம் திரும்பினாள். "அப்பா, இது கெட்டுப் போயிருக்கு. எப்ப வாங்கினீங்க?"

"பொங்கலுக்கு கண்ணு. நீங்க வர்றதாச் சொன்னீங்களே, அப்ப."

"பொங்கலுக்கா! எங்க வச்சிருந்தீங்க?"

"மேல தகரக் கொட்டகையில. அம்மா பார்த்துட்டே இருப்பாளேன்னு... பழசானா ருசி கூடும்னுதான்..."

அத்தனை மாதம் மனதுக்குள் ஒத்திகை பார்த்த ஒரே வழி, தட்டுக்குப் பக்கத்தில் புளித்துப்போய் நின்றது. அவருக்காகப் பேச இனி யாருமில்லை. பாட்டில் பேசவில்லை. சுலோசனா படத்தில் இருந்தாள். வெளியே டாக்சிக்காரர் ஹாரன் அடித்தார்.

வேலாயுதம் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"நான் அன்னைக்குச் சொன்னது தப்பு கண்ணு. அது வாய்ல வந்திருக்கவே கூடாது. மாப்ள, நீங்களும் மன்னிக்கோணும். ஹோட்டல் வேண்டாம். இங்க இருங்க. ரூம் ஒழிச்சு வச்சிருக்கறேன். தெனமும் விரிப்பு மாத்தறேன். தனியா இருக்க முடியலீங்க..."

கடைசி வார்த்தையில் மகளையே 'வாங்க போங்க' போட்டுப் பேசிவிட்டது அவருக்குத் தெரியவில்லை. பூங்குழலிக்குத் தெரிந்தது. அம்மா செத்த அன்றுகூட அப்பாவை நிமிர்ந்து பார்க்காதவள், அவருடைய தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விம்மினாள்.

எத்தியேனுக்குத் தமிழ் புரியவில்லை. புரிய வேண்டியது புரிந்தது. எழுந்து வெளியே போனான். டாக்சியின் டிக்கி திறக்கும் சத்தம் கேட்டது. எதிர்வீட்டிலிருந்து கௌரம்மா, "ஒந்து நிமிஷம், கேட்டை நான் திறக்கறேன் இரப்பா!" என்று கத்திக்கொண்டு ஓடிவருவதும் கேட்டது.

"ரெண்டு ராத்திரிதான்ப்பா இருக்க முடியும்" என்றாள் பூங்குழலி, மூக்கை உறிஞ்சியபடி. "அப்புறம் ஊட்டி, அப்புறம் பிளைட்."

"போதும் கண்ணு, போதும்" என்றார் வேலாயுதம்.

போதாது. மூன்றாம் நாள் காலையிலிருந்து மறுபடி அந்த வீட்டில் குக்கர்தான் பேசும் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் மகள் பார்க்காதபடி கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெட்டி வைக்க இடம் செய்ய அறைக்குள் விரைந்தார்.