முகம் கழுவிய கட்டைகள்

என் அண்ணிக்கு எதையும் தூக்கிப் போட மனசு வராது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. நாத்தனார் வாயிலிருந்து வந்தால் எதுவும் குறையாகத்தான் கேட்கும், அதற்கு நான் என்ன செய்ய? தேய்ந்த சோப்பைப் புதுச் சோப்பின் முதுகில் ஒட்டுவாள். அறுந்த செருப்பின் வாரை எடுத்து ஜன்னல் கொக்கிக்குக் கட்டுவாள். இதெல்லாம் வீட்டுக்குள் நடக்கிற சின்னக் கூத்து. பெரிய கூத்து பின்பக்கத்து ஷெட்டில்.

அந்த ஷெட் கார் நிறுத்துவதற்காகக் கட்டியது. கார் வந்தபாடில்லை. என் அண்ணன் லாரி டிரைவர், அவன் ஓட்டுகிற வண்டி எல்லாமே அடுத்தவனுடையது. அண்ணி கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிற வேலையில் இருந்தாள். நூலளவு பிசகினாலும் பொறுக்காத கை. ஒரு நாள் வீட்டு நாற்காலி ஆடுகிறது என்று அதற்குக் கால் செய்து போட்டாள், அன்றைக்குப் பிடித்தது கிறுக்கு. ரம்பம் வந்தது, இழைப்புளி வந்தது, கடைசல் மெஷின் வந்தது. ஷெட் அவளுடையதாகிவிட்டது. மரக்கடையிலும் பட்டறையிலும் மிஞ்சியதையெல்லாம் கேட்டு வாங்கி வருவதால் தெருவில் அவளுக்கு 'மிச்சம் அக்கா' என்றே பெயர் விழுந்துவிட்டது.

நானும் வெட்டுகிறவள்தான். தையல் கடையில் யூனிபாரம் வெட்டுகிறேன். வெட்டு முடிந்ததும் துண்டுத் துணியை ஒரு பையில் அமுக்கி வாசலில் வைத்துவிடுவேன், அதோடு சரி. அண்ணிக்கு அப்படி இல்லை. ஒவ்வொரு மரத்துண்டையும் கையில் எடுத்து, திருப்பி, மோந்து பார்த்து, இருக்கலாமா போகலாமா என்று தீர்ப்பு எழுதுவாள். ஒரு ஜாண் நீளம் இருந்தால் உள்ளே, இல்லாவிட்டால் வெளியே என்று ஒரு சட்டம் போட்டிருந்தாள். அவள் போட்ட சட்டத்தை அவளே மதித்ததில்லை.

"இது ஜாணுக்குக் குறைச்சல் அண்ணி, தூக்கிப் போடுங்க" என்று நான் வம்புக்கு இழுத்தால், "உன் ஜாணுக்குக் குறைச்சல், என் ஜாணுக்குச் சரியா இருக்கு" என்பாள்.

இன்னொரு பழக்கமும் உண்டு. எந்தத் துண்டும் அழுக்கோடு அவள் அலமாரிக்குள் போகக் கூடாது. நாலு பக்கமும் இழைத்து, பழைய பெயின்ட், ஆணிக்கறை, வெயில் பட்ட கறுப்பு எல்லாம் போன பிறகுதான் அடுக்குவாள். இதற்கு 'முகம் கழுவி விடுறது' என்று பெயர். நீளம் பார்த்து ஒரு வரிசை, நிறம் பார்த்து ஒரு வரிசை. எது எங்கிருந்து வந்தது என்று மட்டும் குறித்து வைக்க மாட்டாள். முகம் கழுவிய பிறகு எல்லாத் துண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி பளிச்சென்று இருக்கும். பார்க்க அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

அண்ணன் மகள் பக்கத்துத் தெருவில் இருக்கிறாள், மாப்பிள்ளைக்கு வெளியூரில் வேலை. பிள்ளை பெற்று மறுபடி ஆபீஸ் போக ஆரம்பித்ததும், அண்ணி வேலையை விட்டுவிட்டுப் பேரனைப் பார்த்துக்கொண்டாள். உருண்டை என்றுதான் அவனைக் கூப்பிடுவோம், ஆளும் அப்படித்தான். பல் முளைக்கிற வயசு. கையில் கிடைப்பதெல்லாம் வாய்க்குத்தான். பிளாஸ்டிக் எதற்கு என்று அண்ணி அவனுக்கு மரத்தில் ஒரு வளையம் கடைந்து கொடுத்தாள். பாலிஷ் வாய்க்குள் போய்விடுமே என்று எண்ணெய்கூடத் தடவவில்லை. வெறும் மரம், உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கன்னம் மாதிரி ஆக்கியிருந்தாள். உருண்டை அதை விடவே மாட்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உருண்டையை எங்களிடம் விட்டுவிட்டு மகள் வெளியே போயிருந்தாள், நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அண்ணன் வாயில் சோற்றை வைத்துக்கொண்டே கேட்டான்.

"அந்தப் பாலத்துக் கட்டை ஏதாச்சும் மிச்சம் இருக்கா?"

"எந்தப் பாலம்?" என்றாள் அண்ணி.

"பார்க்ல மரப்பாலத்தப் பிரிச்சாங்கன்னு போன மாசம் ரெண்டு பலகை கொண்டாந்து போட்டேனே. அத வெளி வேலைக்கு மட்டும்தான் வச்சுக்கணுமாம். கரையான் வராம இருக்க விஷ மருந்து ஏத்துன கட்டையாம், ஆர்சனிக்கோ என்னமோ. அன்னைக்கே மேஸ்திரி சொன்னாரு. நான்தான் மறந்துட்டேன்."

மறந்துட்டானாம். லாரியில் ஏற்றிய மூட்டையை மறப்பானா? எனக்கு வந்த கோபத்துக்குத் தட்டை எடுத்து அவன் தலையிலேயே கவிழ்த்திருப்பேன். ஆனால் அண்ணியின் முகத்தைப் பார்த்ததும் கோபம் எங்கேயோ போய்விட்டது. அவள் எங்கள் யாரையும் பார்க்கவில்லை. தரையில் உட்கார்ந்து வளையத்தைக் கடித்துக்கொண்டிருந்த உருண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எழுந்து போய் அவன் வாயிலிருந்து அதைப் பிடுங்கினாள். அவன் வீறிட்டான். தூக்கிக்கொண்டு ஓடி, குழாயைத் திறந்து, விரலை விட்டு வாயைக் கழுவினாள். அவன் கத்தக் கத்தக் கழுவினாள்.

"அண்ணி, விடுங்க. மூச்சு முட்டப்போவுது."

"மேல எல்லாம் இளம்பச்சையா இருந்துச்சு" என்றாள். "தண்ணிப் பக்கத்துல கிடந்த பலகைதானே, பாசின்னு நெனச்சேன். நல்லா இழைச்சு எடுத்துட்டேன்."

மருந்தின் அடையாளமே அந்தப் பச்சைதான் என்று மேஸ்திரி சொன்னதையும் அண்ணன் அப்போதுதான் சொன்னான். அதை அழுக்கு என்று நினைத்து அவளே முகம் கழுவி விட்டிருக்கிறாள்.

ஷெட்டுக்கு ஓடினோம். பலகை பலகையாக எதுவும் இல்லை. எல்லாவற்றையும் துண்டு போட்டு, இழைத்து, அலமாரியில் கலந்து அடுக்கியாகிவிட்டது. அண்ணி தரையில் உட்கார்ந்து அத்தனை துண்டையும் கீழே இறக்கினாள். ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்தாள், தண்ணீரில் நனைத்தாள், முனையை அறுத்து உள்ளே பார்த்தாள். இதுவாக இருக்குமோ என்று ஒன்றை இடது பக்கம் வைப்பாள், உடனே எடுத்து வலது பக்கம் வைப்பாள். ஒரே பார்வையில் மரத்தின் ஜாதகத்தையே சொல்கிறவள், அன்றைக்குத் தன் கையால் அறுத்த துண்டை அடையாளம் தெரியாமல் உட்கார்ந்திருந்தாள்.

நான் வாசல் பக்கம் திரும்பிய நேரத்தில் ஒரு துண்டை எடுத்து நாக்கில் வைத்துவிட்டாள். ஓடிப்போய்த் தட்டிவிட்டேன். அது சுவரில் பட்டு விழுந்தது.

"புத்தி கெட்டுப் போச்சா உங்களுக்கு?"

"ருசி ஏதாச்சும் தெரியுதான்னு பார்த்தேன். தெரிஞ்சா வளையம் எந்தக் கட்டைன்னு சொல்லிடலாம்ல."

அண்ணன் வாசலில் நின்றுகொண்டு, "மொத்தத்தையும் போட்டுக் கொளுத்திடலாமா?" என்றான். பரிகாரம் தேடுகிறான் பாவம். மேஸ்திரிக்குப் போன் போட்டுக் கேட்டோம். எரிக்கவே கூடாது, புகையும் விஷம், சாம்பலும் விஷம் என்றார். அவ்வளவையும் மூட்டை கட்டி ஷெட் மூலையில் போட்டோம். வைக்கவும் முடியாமல் எறியவும் முடியாமல் அவை அங்கேயே கிடந்தன.

மகளிடம் சொல்ல வேண்டும். அண்ணி நாளைக்கு என்றாள். நான் விடவில்லை. மகளை வரச் சொல்லி, அண்ணியையே சொல்ல வைத்தேன். அவள் கத்துவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் செய்யவில்லை. பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரே கேள்வி கேட்டாள்.

"வளையம் அந்தக் கட்டைல செஞ்சதா இல்லையா, அத மட்டும் சொல்லும்மா."

"தெரியலடி."

"தெரியலன்னா?"

"தெரியல."

அதற்கு மேல் அவள் அம்மாவோடு பேசவில்லை. மறுநாள் காலை தனியாகவே பிள்ளையை டாக்டரம்மாவிடம் கொண்டுபோனாள். நானும் வரேன் என்று செருப்பை மாட்டிக்கொண்டு நின்ற அண்ணியை அவள் திரும்பியும் பார்க்கவில்லை. சிறுநீர் எடுத்து அனுப்பியிருக்கிறார்கள், முடிவு வர ஒரு வாரம் ஆகும் என்று எனக்குத்தான் போன் செய்து சொன்னாள்.

அந்த ஒரு வாரம் என் எதிரிக்கும் வர வேண்டாம். மகள் லீவு போட்டுவிட்டு எங்கள் வீட்டிலேயே இருந்தாள். தனியாக இருக்கப் பயம் என்று அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. உருண்டை ஒரு தும்மல் போட்டால் நாலு பேரும் ஓடுவோம். பால் குடிக்க மறுத்தால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம். தூங்கினால் மூச்சு வருகிறதா என்று மூக்கடியில் விரல் வைப்போம். அவனோ வளையம் எங்கே என்று கையை ஆட்டி ஆட்டி அழுதான். அண்ணி மட்டும் அவனைத் தூக்கவே இல்லை. அவன் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு தவழ்ந்து வந்தால் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவாள்.

"என் கை அவன் மேல பட வேண்டாம்" என்றாள் என்னிடம். சோப்புப் போட்டுத் தேய்த்ததில் விரலெல்லாம் வெடித்திருந்தது. அந்தக் கையைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. இத்தனை வருஷம் நாத்தனார் பேச வேண்டிய பேச்சையெல்லாம் குறைவில்லாமல் பேசிவிட்டேன், அந்த வாரம் எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை.

முடிவு வந்த அன்று எல்லாருமாகப் போனோம். மகள் வேண்டாம் என்று சொல்லவில்லை. டாக்டரம்மா காகிதத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"பையனுக்கு ஒண்ணுமில்ல. எல்லாக் குழந்தைக்கும் இருக்கிற அளவுதான். பயப்படாதீங்க."

மகள் ஓவென்று அழுதாள். எனக்கு அப்போதுதான் உயிர் வந்தது. அண்ணி சிரித்தாள். சிரித்துக்கொண்டே அந்த வாரத்தில் முதல் தடவையாகக் கையை நீட்ட, மகள் பிள்ளையை அவள் மடியில் வைத்தாள்.

டாக்டரம்மா காகிதத்தை மடித்துக்கொண்டே, "அந்தக் கட்டைய அறுத்தது யாரு?" என்றார்.

"நான்தான் டாக்டர்." திட்டு விழப்போகிறது என்று அண்ணி குரலைத் தாழ்த்தினாள்.

"அறுத்து, இழைச்சு, தேய்ச்சது எல்லாம் நீங்களேதானா?"

"ஆமா டாக்டர். அந்த மாசம் பூரா அதான் வேலை."

"வெளியில வச்சா செஞ்சீங்க?"

"ஐயோ, இல்ல. ஷெட்டுக்குள்ளதான். கதவு, ஜன்னல் எல்லாம் சாத்திட்டுத்தான் செய்வேன்." வகுப்பில் சரியான விடை சொல்கிற பிள்ளை மாதிரி அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "திறந்து வச்சா சத்தத்துல குழந்தை முழிச்சுக்குவான். தூசியும் அவன் மேல வந்துடும். ஒரு தூசி வெளிய போக விடல டாக்டர்."

"மூக்குக்கு ஏதாச்சும் கட்டுனீங்களா?"

"எனக்கு எதுக்கு?"

டாக்டரம்மா இன்னொரு சீட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார். அப்போது அண்ணி இருமினாள். முகத்தைத் திருப்பி, பிள்ளை மேல் படாமல், தோளுக்குள் இருமினாள். அந்த இருமல் எனக்குப் புதிதில்லை. வாரக்கணக்காக வீடு முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்ததுதான். நாங்கள் யாரும் அதற்கு ஒரு தரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

மகள் அழுகையை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தாள். அண்ணிதான் எதையும் கவனிக்கவில்லை. உருண்டையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

"வாங்க, போகலாம். பையனுக்குப் பசிக்கும். அவனுக்கு ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாங்கல்ல, அது போதும்."

"போதாது அண்ணி" என்றேன். பிள்ளையை வாங்கி மகளிடம் கொடுத்தேன். அண்ணியைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்து, ரத்தம் எடுக்க வந்த நர்ஸுக்காக அவள் சட்டைக் கையை நானே மேலே சுருட்டிவிட்டேன்.